சிமிழுக்கு ஒன்று, மத்துக்கு ஒன்று: கடைசல் மரத்துக்கு எந்த பாலிஷ்?

போன தை மாதம் ஒரே வாரத்தில் இரண்டு ஆர்டர் வந்தன. ஒன்று ஓசூரிலிருந்து, கல்யாணத் தாம்பூலப் பையில் வைக்க 120 குங்குமச் சிமிழ். இன்னொன்று எங்கள் காவேரிப்பட்டினத்திலேயே சின்னதாக மெஸ் நடத்தும் ஓர் அக்காவிடமிருந்து, களி கிண்டும் கோல் 4, பருப்பு மத்து 6. ஓசூர்க்காரர் போனில் சொன்னார்: "சார், நல்லா பளபளன்னு இருக்கணும்." அக்காவும் அதையேதான் சொன்னார்: "தம்பி, பளபளன்னு குடு, கையில சிலாம்பு ஏறக் கூடாது."

சொல் ஒன்றுதான், கேட்டது வேறு வேறு. அவருக்கு வெளிச்சம் பட்டால் தெறிக்க வேண்டும். அக்காவுக்கு உள்ளங்கையில் வழுக்கிக்கொண்டு நிற்க வேண்டும், கொதிக்கிற களிக்குள் போய் வர வேண்டும், தினமும் இரண்டு வேளை சாம்பலும் சோப்பும் போட்டுத் தேய்த்தாலும் தாங்க வேண்டும். பட்டறையில் அடுத்து எதில் பணம் போடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நேரமும் அதுதான். பஃப் சக்கரம் (பாலிஷ் கட்டி ஏற்றித் தேய்க்கும் துணிச் சக்கரம்) மூன்றும் ஒரு மோட்டாரும் வாங்கலாமா, கம்ப்ரஸரும் ஸ்ப்ரே கன்னும் வாங்கி பி.யு. (பாலியூரித்தேன் பூச்சு) அடிக்கலாமா, ஒன்றும் வாங்காமல் லேத்திலேயே அரக்கு பாலிஷ் ஓட்டிக்கொண்டிருக்கலாமா? இந்த மூன்றையும், பணமே கேட்காத எண்ணெய் மெழுகு முறையையும், மாதக்கணக்கில் ஒன்றுக்கொன்று வைத்துப் பார்த்தேன். வீட்டுத் திண்ணையில் சின்ன லேத் போட்டு கடைசல் பழகுகிறவர்கள் இந்தப் பக்கம் இப்போது நிறையப் பேர். அவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பஃப் அடிப்பது பூச்சு அல்ல. அது பூச்சின் மேலோ, வெறும் மரத்தின் மேலோ செய்கிற தேய்ப்பு வேலை. கடைசிச் சக்கரத்தில் மெழுகு ஏறுகிறது, ஆனால் அது கையால் சுரண்டினால் தெரியாத அளவுக்கு மெல்லியது. தண்ணீரை அது தடுக்காது. "பஃப் போட்டா பாலிஷ் தேவையில்லைங்களா?" என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. மரத்தைக் காப்பது அரக்கோ எண்ணெயோ பி.யு.வோதான். பஃப் அதற்கு முகம் துடைத்து விடுகிறது, அவ்வளவுதான். இது புரியாமல் சக்கரம் வாங்கியவர்கள் மூன்று மாதத்தில் அதை மூலையில் போட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. எந்த முறையை எடுத்தாலும் பளபளப்பில் முக்கால் பங்கு உப்புத்தாளில் வருகிறது. சொரசொரப்பான 80 நம்பர் தாளில் ஆரம்பித்து 120, 180, 240, 320, நைஸான 400 என்று படி படியாக ஏற வேண்டும். 120லிருந்து 320க்குத் தாவினால், 120 போட்ட கோடுகளை 320ஆல் அழிக்கவே முடியாது, அவற்றின் முனையை மழுக்கத்தான் முடியும். பூச்சு ஏறும்வரை அந்தக் கோடுகள் கண்ணுக்குத் தெரியாது. அரக்கு பட்டதும் வட்ட வட்டமாக எழுந்து நிற்கும். பஃப் போட்டால் இன்னும் மோசம், கோட்டுக்கே பளபளப்பு ஏறிவிடும். நான் செய்வது இது: ஒவ்வொரு நம்பர் முடிந்ததும் லேத்தை நிறுத்தி, அதே தாளால் மர ரேகை ஓட்டத்தின் வழியே நீளவாக்கில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்ப்பேன். 240 முடிந்ததும் ஈரத் துணியால் ஒரு முறை துடைத்துக் காய விடுவேன். படுத்திருந்த நார்கள் எழும். அவற்றை 320 சீவிவிடும். மத்து மாதிரி தண்ணீரில் புழங்கும் பொருளுக்கு இந்தப் படியைத் தாண்டவே கூடாது. தாண்டினால் முதல் நாள் கழுவியதுமே மரம் சொரசொரத்துவிடும். அக்கா பயந்த சிலாம்பு அதுதான்.

சரி, லேத் மேலேயே போடும் அரக்கு பாலிஷுக்கு வருவோம். அவலரக்கை (அவல் மாதிரிச் செதிலாக வரும் அரக்கு, ஷெல்லாக்) ஸ்பிரிட்டில் கரைத்து, அதோடு காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயும் ஸ்பிரிட்டும் சம பங்கு சேர்த்தது. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 240 கிராம் அவலரக்கு என்பது எனக்கு ஒத்துவந்த கனம். கரைசலை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். பழைய அரக்கு காய்ந்தது போலக் காட்டும், ஆனால் இறுகாது. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் விழுந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

ஒரு சிமிழில் இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். சிமிழ் லேத்தின் சக்கில் (பிடிப்பானில்) சுற்றிக்கொண்டிருக்கிறது. டிஷ்யூ பேப்பரை நாலாக மடித்து, நுனியில் மூன்று சொட்டு. துணி வேண்டாம். துணி சுற்றிக்கொண்டால் விரலையும் சேர்த்து இழுக்கும், பேப்பர் கிழிந்துபோகும். முதலில் லேத்தை நிறுத்தி ஈரமாகப் பூசி, பிறகு ஓடவிட்டு அடிப்பக்கத்திலிருந்து பேப்பரை அழுத்துவேன். முதல் சில நொடி ஒன்றும் தெரியாது. பிறகு விரல் நுனியில் சூடு ஏறும், பேப்பரின் உராய்வுச் சத்தம் தணியும். அந்த நேரத்தில் ஒரு ஈரக் கோடு மாதிரி வெளிச்சம் சிமிழின் குறுக்கே ஓடும். பேப்பரை எடுத்துவிட வேண்டிய நேரம் அதுதான். இன்னும் ஒரு இழுப்பு என்று ஆசைப்பட்டால் ஏறிய அரக்கே உரிந்து பேப்பரோடு வந்துவிடும். இப்படி மூன்று பூச்சு. ஒரு சிமிழுக்குப் பாலிஷ் வேலை மட்டும் எனக்கு இரண்டு நிமிடம்.

சின்னப் பொருளுக்கு இதை மிஞ்சியது இல்லை. சிமிழ், பேனா, பம்பரம், முத்திரைக் கட்டையின் கைப்பிடி எல்லாம் இதில் நன்றாக வரும். நாலு அங்குலத்துக்கு மேல் போனால் சிக்கல். அகலமான கிண்ணத்தில் விளிம்பு வேகமாகச் சுற்றுகிறது, நடுப்பகுதி மெதுவாக. எல்லா இடத்திலும் ஒரே சூடு ஏறாது, பட்டை பட்டையாக நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு தொல்லை: ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிந்துவிடும், பாலிஷ் வெள்ளை பூத்துப்போகும். அப்போது மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் பூசுகிறேன். அரக்குக்கு இரண்டு பகையும் உண்டு, சூடும் ஸ்பிரிட்டும். 75 டிகிரியை ஒட்டி இளக ஆரம்பித்துவிடும். சூடான டீ டம்ளர் வைத்தால் வளையம் விழும். சானிடைசர் ஒரு சொட்டு பட்டாலும் அந்த இடம் கரைந்து ஒட்டும்.

அதே அரக்கைக் கரைக்காமல் குச்சியாகவே பயன்படுத்துவது சென்னபட்டணத்து வழி. பெங்களூரைத் தாண்டி மைசூர் சாலையில் இருக்கும் அந்த ஊரின் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. அங்கே கடைவது வெட்பாலை மரம், நம் பக்கத்துக் காட்டில் இருக்கும் அதே வெட்பாலை, தோல் நோய்க்குத் தைலம் காய்ச்சுகிறார்களே அதுவேதான். வெள்ளையாக, நெருக்கமாக, தந்தம் மாதிரி இருக்கும். சுற்றும் மரத்தின்மேல் நிறம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறும். பிறகு காய்ந்த தாழை ஓலையை மடித்து அழுத்திப் பரப்புவார்கள். நம் தெற்கே அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்புக்கும் அரக்குச் சாயம்தான். பாட்டிலில் வரும் எந்தப் பாலிஷும் அந்த ஆழமான பளபளப்பைத் தருவதில்லை என்பது என் கருத்து. பூச்சும் நிறமும் பஃப் வேலையும் மூன்றும் ஒரே அசைவில் முடிந்துவிடுகின்றன.

ஆனால் கை பழக வேண்டும். அழுத்தம் குறைந்தால் குச்சி தாவித் தாவிப் புள்ளி புள்ளியாக ஒட்டும், கூடினால் கருகும். நான் முதல் ஐம்பது துண்டுகளை அடுப்புக்குத்தான் அனுப்பினேன். மரமும் நன்றாகக் காய்ந்து, ரேகை நெருக்கமாக இருக்க வேண்டும். தேக்கில் துளைகள் திறந்தே நிற்கும், அரக்கு குழி குழியாக உட்காரும்.

குழந்தைப் பொம்மைக்கு வேறு வழி தேடவே வேண்டாம் என்பேன். அரக்கு என்பது பூச்சி சுரக்கும் பிசின், மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேல் பூசுகிறார்கள். வாயில் வைத்தாலும் பயமில்லை. நிறத்துக்கு மஞ்சளும் அவுரியும் இருக்கின்றன. கடையில் வாங்கும் எனாமல் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்று 2016ல் விதி வந்தது. அது வீட்டுச் சுவருக்கும் கதவுக்கும் போட்ட விதி. கிலுகிலுப்பையைக் குழந்தை ஒரு நாள் முழுக்கச் சப்பும். பொம்மை விற்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. கைவினைஞர் அட்டை இல்லாவிட்டால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள்.

இப்போது பஃப் சக்கரம். நான் அதிகம் கற்றதும் அதிகம் கெடுத்ததும் இதில்தான்.

மூன்று சக்கரம் வேண்டும். முதலாவது நெருக்கமாகத் தைத்த பருத்திச் சக்கரம், அதில் ட்ரிப்போலி கட்டி. பழுப்பு நிறம், சிலிக்கா வகைப் பொடி, 400 உப்புத்தாள் விட்ட நுண்ணிய கோடுகளை இது எடுக்கும். இரண்டாவதில் வெள்ளைக் கட்டி, ஒயிட் டைமண்ட் என்பார்கள். பெயரில்தான் வைரம், உள்ளே இருப்பது அலுமினியம் ஆக்ஸைடு. முதல் சக்கரம் விட்ட மங்கலை இது துடைக்கும். மூன்றாவது தைக்காத மென்மையான சக்கரம், அதில் கார்னாபா மெழுகு. பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் ஓலையில் படியும் மெழுகு அது. 82 முதல் 86 டிகிரியில்தான் உருகும். நம் தேன்மெழுகு 62, 64லேயே உருகிவிடும். அதனால்தான் கார்னாபா கைச்சூட்டுக்கு இளகாமல், விரல் ரேகை எளிதில் பதியாமல் நிற்கிறது.

வேகம்தான் இங்கே உயிர். கடையில் சுலபமாகக் கிடைப்பது நிமிடத்துக்கு 2,800 சுற்றுப் போகும் பெஞ்ச் கிரைண்டர். அதில் 8 அங்குலச் சக்கரத்தை மாட்டினால் விளிம்பு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 1,790 மீட்டர் ஓடும். மரம் கருகும், மெழுகு உருகி வழிந்துவிடும். அந்த வேகத்தில் பிடி நழுவினால் கிண்ணம் எதிர்ச் சுவருக்குப் போகும். 1,440 சுற்று மோட்டாரில் அதே சக்கரம் 920 மீட்டருக்குள் ஓடும். மரத்துக்கு அது போதும். பழைய மாவு அரைக்கும் மோட்டார், தண்ணீர் மோட்டார் எதை வாங்கினாலும் தகட்டில் இந்த எண்ணைப் பாருங்கள். லேத்தில் வேகம் மாற்றும் வசதி இருந்தால் மோட்டாரே வேண்டாம், சக்கரத்தை ஒரு மரத்தண்டில் கோத்து லேத்திலேயே மாட்டிவிடலாம். நான் ஒரு மாதம் அப்படித்தான் ஓட்டினேன்.

பொருளைப் பிடிக்க வேண்டிய இடம் சக்கரத்தின் முன்பக்கத்தில், நடுவுக்குக் கீழே. சக்கரம் கீழே இறங்கி உங்களிடமிருந்து விலகிப் போகும் இடம் அது. பொருளின் விளிம்பைச் சக்கரம் சுற்றும் திசைக்கு எதிராகக் கொடுத்தால் பிடுங்கி எறிந்துவிடும். கீழே பழைய கம்பளியை விரித்து வைத்திருக்கிறேன், இரண்டு கிண்ணத்தை அது காப்பாற்றியிருக்கிறது. முகமூடி கட்டாமல் ட்ரிப்போலி பக்கம் போகவே போகாதீர்கள். சிலிக்கா தூள் நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்பி வராது. கல் குவாரிகள் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு அந்த இருமலை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் கெடுத்தது இப்படி. சக்கரம் வாங்குவதற்கு முன், சோதனைக்காக இருபது வெட்பாலைச் சிமிழை ஒரு பாத்திர பாலிஷ் கடையில் கொடுத்தேன். எவர்சில்வருக்குப் போடும் பச்சைக் கட்டி ஏறிய சக்கரத்திலேயே அவர்கள் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். பளபளப்பு என்னமோ பிரமாதம். ஆனால் வெள்ளை மரத்தின் ரேகை ஒவ்வொன்றிலும் பாசி பிடித்தது போலப் பச்சை. குரோமியம் ஆக்ஸைடு அது, கழுவினாலும் போகாது, உப்புத்தாளால் இழைத்தால் சிமிழின் வடிவமே போய்விடும். சக்கரமும் கட்டியும் மரத்துக்கென்றே தனியாக வேண்டும், ஒரு சக்கரத்துக்கு ஒரே கட்டிதான் என்பது அன்று புரிந்தது. செம்பு, பித்தளைக்குப் போடும் சிவப்புக் கட்டியும் இதே கதைதான்.

மரத்தின் நிறமும் தீர்மானிக்கிறது. வெளிர் மரத்துக்கு ட்ரிப்போலியே அழுக்கு. வெட்பாலைக்கு 600 தாள் வரை இழைத்துவிட்டு நேராக வெள்ளைக் கட்டிக்குப் போகிறேன். அடர்ந்த நிறமும் திறந்த துளையும் கொண்ட மரத்தில் வெள்ளைக் கட்டி துளைக்குள் மாவு மாதிரி தங்கும். அரக்குக் கரைசலை நீர்க்கக் கரைத்து முதலில் ஒரு பூச்சு கொடுத்து, துளையை மூடிவிட்டு, ஒரு நாள் காய விட்டு அப்புறம் பஃப் போட்டால் இரண்டு தொல்லையும் இல்லை.

பஃபுக்கென்றே பிறந்த மரம் ஒன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது: புளி. சாலையை அகலப்படுத்தும்போது சாயும் பழைய புளியமரத்தின் வயிரப் பகுதி கருஞ்சிவப்பாக, இரும்பு மாதிரி இருக்கும். உளி இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை மழுங்கும், கோபம் வரும். ஆனால் மூன்று சக்கரத்தையும் தாண்டி வரும்போது, பூச்சே இல்லாமல், கூழாங்கல்லை நீரில் நனைத்தது போல ஒளி உள்ளிருந்து வரும். மாங்காய்க்குப் பெயர் போன ஊரில் மாமரமும் நிறையக் கிடைக்கிறது. காய்ப்பு ஓய்ந்த தோப்புகளை வெட்டும்போது விறகு விலைக்கு வாங்கலாம். மாமரம் இன்னொரு குணம். மென்மையும் கடினமும் பட்டை பட்டையாக மாறி வரும். சக்கரம் மென்மையான இடத்தை அதிகம் தின்று அலை அலையாக்கிவிடும். அதற்கு லேசான கை, குறைந்த நேரம் போதும். பச்சை மரத்துக்கு எந்தப் பாலிஷும் போடாதீர்கள். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் மாமரத்தில் நீலம் பாயும், வண்டும் துளைக்கும்.

பஃபின் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். கார்னாபா மெழுகின்மேல் தண்ணீர்ச் சொட்டு நின்று காய்ந்தால் வெளிறிய தழும்பு விழும். திரும்பச் சக்கரத்தில் காட்டினால் போய்விடும், ஆனால் வாங்கியவர் வீட்டில் சக்கரம் இல்லையே. ஷோகேஸில் நிற்கும் பொருளுக்கும், கையில் எடுத்துப் பார்த்து வைக்கும் பொருளுக்கும் இது. சமையலறைக்கு இல்லை.

பி.யு. பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். இரண்டு டப்பா, பேஸும் ஹார்டனரும், கலந்த பிறகு சில மணி நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும். நன்றாக இறுகிய பி.யு. தண்ணீர், சூடு, ஸ்பிரிட் மூன்றையும் தாங்கும். நான் ஒப்பிட்ட மற்ற முறைகள் எதற்கும் இந்தத் தாங்குதிறன் கிடையாது. கட்டில் கால், ஊஞ்சல், மாடிப்படிக் கைப்பிடியின் கடைசல் தூண் இவற்றுக்கு அதுவே சரி. மெலமைன் பாலிஷ் அதைவிட மலிவு, ஆனால் அடிக்கும்போது வரும் ஃபார்மால்டிஹைடு நெடி கண்ணை எரிக்கும். பி.யு. ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் ஒரு முறை ஒவ்வாமையைக் கிளப்பிவிட்டால் பிறகு வாசனை பட்டாலே மூச்சு முட்டும். துணி முகமூடி எதற்கும் ஆகாது, குறைந்தது கார்ட்ரிட்ஜ் வைத்த முகமூடியாவது வேண்டும். திண்ணைப் பட்டறைக்குள், வீட்டுக் குழந்தைகள் ஓடும் இடத்தில், நான் இதை அடிக்கத் தயாராக இல்லை. தவிர, கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரி செய்ய முடியாது, முழுவதும் சுரண்ட வேண்டும். அரக்கில் ஒரு சொட்டுக் கரைசலால் கீறலை மூடிவிடலாம். எனக்கு இந்த வேறுபாடு பெரியது.

அக்காவின் மத்துக்கும் களிக்கோலுக்கும் இதில் எது? இங்கே நான் பிடிவாதமாகவே சொல்வேன்: மேலே படலமாக நிற்கும் எதுவும் கூடாது. கொதிக்கும் களி 100 டிகிரியை ஒட்டி இருக்கும். அரக்கு அதற்கு வெகு முன்னாலேயே இளகும், கார்னாபாவும் உருகும். பி.யு. உருகாது, ஆனால் கோல் சட்டியின் அடியில் நாள் முழுக்க இடிபடும்போது செதில் செதிலாக விடும். போன வருடம் எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். பாலிஷ் போட்டு விற்ற களிக்கோல் ஒன்றை சந்தையில் வாங்கி வந்திருந்தார்கள். இரண்டே மாதத்தில் நுனியில் பூச்சு இல்லை. அது எங்கே போனது? ராகிக் களியின் நிறத்தில் பழுப்புச் செதில் கண்ணுக்குத் தெரியுமா? அம்மா அந்தக் கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ நாளா இதத்தான தின்னோம்" என்றார். அன்றே அடுப்பில் வைத்தார்.

சமையல் சாமானுக்கு எண்ணெய் உள்ளே இறங்க வேண்டும். எந்த எண்ணெய்? ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டால் இறுகும் வகை. பச்சை எண்ணெய் மெல்லப் பூசி வாரக்கணக்கில் காய விட்டால் மரத்துக்குள்ளேயே கெட்டியாகிவிடும். கடையில் டின்னில் வரும் 'காய்ச்சிய' ஆளிவிதை எண்ணெயில் சீக்கிரம் காய உலோக உப்பு சேர்க்கிறார்கள், அது சிமிழுக்குச் சரி, மத்துக்கு வேண்டாம். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் அரைகுறையாகப் பிசுபிசுத்து, கொஞ்ச நாளில் சிக்கு நாற்றம் அடிக்கும். தேங்காயெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் கெடாது, ஆனால் இறுகவே இறுகாது. மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் கெடவும் கெடாது, இறுகவும் இறுகாது. மாதம் ஒரு முறை தடவ வேண்டியிருக்கும்.

நான் அக்காவுக்குக் கொடுத்தது: நான்கு பங்கு லிக்விட் பாரஃபின், ஒரு பங்கு தேன்மெழுகு. கொதிக்கும் தண்ணீர்ச் சட்டிக்குள் கிண்ணம் வைத்து உருக்கியது, நேரடித் தீயில் வைக்கக் கூடாது. மெழுகை மலைத்தேன் எடுப்பவர்களிடம் வாங்கி, சுடுநீரில் உருக்கித் துணியில் வடிகட்டிக்கொள்கிறேன். பளிச்சென்று வெள்ளையாக, மணமே இல்லாமல் கிடைப்பதில் பாரஃபின் மெழுகுக் கலப்பு இருக்கலாம், அதை வாங்குவதில்லை. சூடாக இருக்கும்போதே மத்தில் தடவி ஒரு ராத்திரி ஊறவிட்டு, காலையில் கரடுமுரடான துணியால் தேய்த்தெடுத்தால், பளபளப்பு இல்லை, ஒரு மினுக்கு வரும். சின்ன டப்பாவில் கொஞ்சம் மெழுகும் கொடுத்தனுப்பினேன். களி சூட்டில் நுனியிலிருந்து அது போகத்தான் செய்யும், திரும்பத் தடவ ஒரு நிமிடம் ஆகும். போனாலும் வயிற்றுக்குக் கெடுதல் இல்லாதது போகிறது.

ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணி பற்றி ஒரு எச்சரிக்கை. கசக்கி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் இறுகும்போது சூட்டை வெளிவிடும், குவியலுக்குள் அந்தச் சூடு தங்கி தானாகவே தீப்பிடிக்கும். சித்திரை வெயிலில், மரத்தூள் கிடக்கும் தகரக் கொட்டகையில் அது என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கொடியில் விரித்துக் காயப்போட்டுவிட்டுத்தான் நான் விளக்கை அணைக்கிறேன்.

ஓசூர்ச் சிமிழுக்கு எடுத்த முடிவு: உட்புறத்துக்கு அரக்குக் கரைசல் இரண்டு பூச்சு. மெழுகு மட்டும் போட்டால் குங்குமத்தின் சிவப்பு ரேகைக்குள் இறங்கிவிடும், மூன்றே நாளில் உள்ளே கறை. வெளிப்புறம் லேத்திலேயே அரக்கு பாலிஷ், ஒரு வாரம் இறுக விட்டு, பிறகு கார்னாபா சக்கரத்தில் மட்டும் ஒரு காட்டு. ட்ரிப்போலி இல்லை, வெள்ளைக் கட்டியும் இல்லை. 120 சிமிழுக்கும் அந்தக் கடைசிச் சக்கர வேலை ஒன்றரை நாளில் முடிந்தது. அரக்கின் மேல் மெழுகு இருப்பதால் மணமேடை வியர்வைக் கையில் ஒட்டவில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, அரைக் குதிரைத்திறன் 1,440 மோட்டார் ஒன்றைப் பழையதாக வாங்கி மூன்று சக்கரம் மாட்டிவிட்டேன். கம்ப்ரஸர் வாங்கவில்லை, பி.யு. கேட்டு வரும் கட்டில் கால்களை வெளியே கொடுத்து அடித்து வாங்குகிறேன். நீங்கள் சின்னப் பொருள் மட்டும் கடைபவர் என்றால் சக்கரம்கூட அவசரமில்லை. அவலரக்கும் டிஷ்யூவும் நல்ல உப்புத்தாளும் போதும், மிச்சப் பணத்தை 600 நம்பர் வாட்டர் பேப்பரில் போடுங்கள். கிண்ணமும் குவளையும் பூச்சாடியும் செய்கிறவர்கள் சக்கரம் வாங்கலாம்.

நான் எழுதியதை அப்படியே நம்பவும் வேண்டாம், உங்கள் மரத்தில் சோதித்துப் பாருங்கள். ஒரு முழ நீளத் தடியைக் கடைந்து, உளியால் கோடு போட்டு ஐந்து பட்டையாகப் பிரியுங்கள். ஒன்றில் அரக்கு பாலிஷ், ஒன்றில் அரக்குக் குச்சி, ஒன்றில் எண்ணெய் மெழுகு, ஒன்றில் அரக்கின் மேல் கார்னாபா பஃப், ஒன்றில் பி.யு. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு சொட்டு சானிடைசர், ஒரு நிமிடம் சூடான டம்ளர். மறுநாள் காலையில் பதில் கையில் இருக்கும்.

என்னுடைய தடி பட்டறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. ஆர்டர் கொடுக்க வருபவர்களிடம் இப்போது நான் எதையும் விளக்குவதில்லை, அதை எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். முதலில் கண் பி.யு. பட்டைக்குத்தான் போகும். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டே தடவிக்கொண்டிருப்பார்கள். கிளம்பும்போது பார்த்தால் பெரும்பாலானவர்களின் கட்டைவிரல் எண்ணெய் மெழுகுப் பட்டையில் நிற்கிறது.